பட்டனை ஒரு தபா அமுக்கினால் கலர் ரெண்டு தாவுகிறதா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கேரம் கிளப்புக்கோ கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கோ ஆர்டுயினோ போர்டில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு) பட்டன் வைத்து, அமுக்க அமுக்க கலர் மாறும் லைட் செய்கிற பசங்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “அண்ணா, ஒரு தபா அமுக்குனா ரெண்டு கலர் தாண்டிப் போவுது. போர்டு டூப்ளிகேட்டா?” கேட்டுவிட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறி வேறு போர்டு வாங்கி வந்துவிடுவார்கள். அதிலும் அதே தாவல்தான். ஆர்டுயினோவின் யூனோ மாடல் ஒரிஜினலாக இருந்தாலும், அதைப் பார்த்துச் செய்த குளோனாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. கோளாறு பெரும்பாலும் அந்தச் சின்ன பட்டனிலும், அதை நாம் படிக்கிற விதத்திலும் இருக்கிறது.

பட்டனுக்குள் இருப்பது ஒரு மெல்லிய தகடு. அமுக்கியதும் அது ஒரேயடியாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. கேரம் காய் கட்டையில் பட்டுத் திரும்புகிற மாதிரி சில மில்லி விநாடிகள் துள்ளிவிட்டுத்தான் அடங்கும். யூனோவின் சிப் 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்தத் துள்ளல் ஒவ்வொன்றும் அதற்குத் தனித்தனி அமுக்கல். காசிமேடு மாதிரி உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் பழைய பட்டனின் காண்டாக்ட் கறுத்துப்போயிருந்தால் துள்ளல் இன்னும் கூடும்.

இதற்கு எல்லோரும் கையில் எடுக்கும் வைத்தியம் ‘டிலே 300’, அதாவது 300 மில்லி விநாடி சும்மா காத்திரு என்கிற கட்டளை. தாவல் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த 300 மில்லி விநாடியும் புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கலர் மெதுவாக மங்கி மாறுகிற எஃபெக்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது உறைந்து நின்றுவிட்டுப் போகும். வேகமாக இரண்டு முறை தட்டினால் ஒன்று காணாமல் போகும். போர்டு ஆன் ஆகி எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும் மில்லிஸ் எதற்கு இருக்கிறது? பட்டனின் நிலை மாறிய நேரத்தைக் குறித்துவையுங்கள். 30 மில்லி விநாடி அது ஆடாமல் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதோடு வேலை முடியவில்லை. ‘பட்டன் அமுங்கியிருக்கிறதா’ என்று மட்டும் பார்த்தால், விரல் இருக்கும் வரை லூப் (புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) சுற்றுகிற ஒவ்வொரு முறையும் கலர் மாறும். கண்ணுக்கு எல்லாம் கலந்து தெரியும். விரலை எடுக்கும்போது எது நிற்கிறதோ அதுதான் கலர். பார்க்க வேண்டியது, போன முறை விட்டிருந்தது இப்போது அமுங்கியதா என்பதை. அந்த மாறுகிற இடத்தில் மட்டும், எத்தனையாவது கலர் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள்.

யாரும் தொடாமலே கலர் மாறினால், பட்டன் வயர் போகிற பின் (போர்டின் இணைப்புக் கால்) எந்த வோல்டேஜிலும் நிலையாக நிற்காமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். பின்மோடு கட்டளையில் வெறும் இன்புட் என்று போடாமல் இன்புட் புல்லப் (சிப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாகப் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) என்று போட்டு, பட்டனின் மறுமுனையைக் கிரவுண்டில் கொடுங்கள். அப்போது அமுக்கினால் லோ (0 வோல்ட்), விட்டால் ஹை (5 வோல்ட்). இது தலைகீழாகத் தெரிவதால் குழம்புகிறவர்கள் உண்டு. கிளப் சுவரில் பட்டனை வைத்து நாலைந்து மீட்டர் வயர் இழுத்தால் உள்ளே இருக்கும் புல்லப் போதாது. அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை என்பதால், பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தாலே நாய்ஸ் ஏறும். வெளியே 4.7 கிலோ ஓம் ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போட்டுவிடுங்கள். நாலு கால் பட்டனில் எந்தக் கால் எதோடு சேர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூலைக்கு மூலை எதிரெதிர்க் கால்களை எடுத்தால் எப்படித் திருப்பிச் செருகினாலும் சரியாக வரும்.

இனி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே பல்பில் இருக்கும் எல்.ஈ.டி. பக்கம். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணால் சொல்லும் கட்டளை அனலாக்ரைட். “அனலாக்ரைட் 20 தானே போட்டிருக்கேன், கரண்ட் கம்மி, ரெசிஸ்டர் எதுக்கு?” என்பது ஆபத்தான கணக்கு. அந்தக் கட்டளை செய்வது பி.டபிள்யூ.எம்., அதாவது பின்னை வேகமாக ஆன்-ஆஃப் செய்வது; அது வோல்டேஜைக் குறைப்பதில்லை. அந்தப் பின் முழு 5 வோல்ட்டில் ஆன் ஆகி ஆஃப் ஆகிறது, யூனோவின் பெரும்பாலான பின்களில் விநாடிக்குச் சுமார் 490 முறை. 20 என்றால் ஆன் ஆகும் நேரம்தான் குறைவு. ஆன் ஆகிற அந்தக் கணத்தில் கரண்ட் முழுசாகத்தான் பாயும். ஒரு பின்னின் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர், 20-க்குள் வைத்திருப்பது நல்லது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக 220 ஓம் போடுங்கள். மூன்றுக்கும் பொதுவான காலில் ஒன்றே ஒன்று போட்டு மிச்சம் பிடித்தால், 2 வோல்ட்டிலேயே எரிகிற சிவப்பு கரண்டை இழுத்துக்கொள்ள, 3 வோல்ட் கேட்கும் பச்சையும் நீலமும் சோர்ந்துவிடும்.

ஒரு நிறம் மட்டும் மங்காமல், எரிந்தால் முழுசாக, இல்லையென்றால் இருட்டு என்று இருந்தால், அதை மாட்டியிருக்கும் பின்னின் எண்ணைப் பாருங்கள். யூனோவில் 3, 5, 6, 9, 10, 11 மட்டுமே பி.டபிள்யூ.எம். தரும். மற்ற பின்னில் 128-க்குக் கீழே கொடுத்தால் ஆஃப், அதற்கு மேல் ஆன், அவ்வளவுதான். அதே புராஜெக்டில் செர்வோ லைப்ரரி (செர்வோ மோட்டாரை ஓட்டும் ரெடிமேட் கோடு) சேர்த்தால் 9, 10-இல் பி.டபிள்யூ.எம். போய்விடும். சத்தம் எழுப்பும் டோன் கட்டளை ஓடினால் 3, 11 குழம்பும். நிறமெல்லாம் நேர்மாறாக வந்தால் உங்களிடம் இருப்பது, பொதுக் கால் பிளஸ்ஸுக்குப் போகும் காமன் ஆனோடு எல்.ஈ.டி. 255-லிருந்து மதிப்பைக் கழித்து அனுப்புங்கள்.

128 கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று நினைப்பதும் சரியில்லை. கண்ணுக்கு அது பாதியை விட ரொம்பப் பிரகாசமாகத் தெரியும். பாதி போலத் தெரிய 55, 60 போதும். அதனால்தான் 0-லிருந்து 255 வரை ஒரே சீராக ஏற்றினால் ஆரம்பத்தில் குபீரென்று ஏறி, மேலே போனதும் ஏறுவதே தெரியாது. மதிப்பை அதாலேயே பெருக்கி 255-ஆல் வகுத்தால் ஓரளவு சரியாகும். ஆனால் யூனோவில் இன்ட் வகை எண் 32767-ஐத் தாண்டாது. பெருக்குவதற்கு முன்பே பெரிய எண்ணைத் தாங்கும் லாங் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் கலந்து வரும் மஞ்சள், பச்சையாக அடித்தால் பச்சையைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். இதில் சூத்திரத்தை விட உங்கள் கண்தான் கணக்கு.

12 வோல்ட் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் என்றால் பின்னில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது, நிறத்துக்கு ஒரு மாஸ்ஃபெட் (சின்ன சிக்னலால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வேண்டும். கடையில் ஐஆர்எஃப்இசட்44என் என்று கொடுத்தால் வாங்காதீர்கள்; அது முழுசாகத் திறக்க, சிக்னல் கொடுக்கும் காலான கேட்டில் 10 வோல்ட் வேண்டும், 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகும். எஃப் இருக்கும் இடத்தில் எல் இருக்கிற ஐஆர்எல்இசட்44என் கேளுங்கள். அடாப்டரின் மைனஸையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சேர்க்க மறந்தால் கலர் தாறுமாறாக ஆடும். மீட்டருக்கு 60 பல்பு உள்ள 5050 வகை ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் 1.2 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது ஐந்து மீட்டர் ரோலுக்கு 6 ஆம்பியர். வீட்டில் கிடந்த 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் சிவப்பு மட்டும் போடும்போது நன்றாக எரியும், வெள்ளைக்கு மாற்றியதும் மின்னி மின்னி அணையும். அதற்கும் போர்டைத்தான் மாற்றுவார்கள்.