ஓவிய ஆய்வுக்குச் சான்று தேடுவதும் குறிப்பதும்: தொடங்குபவர்களுக்கு ஒரு வழி

ஓர் ஓவியத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத உட்காருபவர்கள், அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத்தான் பெரும்பாலும் முதலில் தேடுகிறார்கள். நான் ஓவியத்திலிருந்தே தொடங்கச் சொல்வேன். கலை ஆய்வில் படைப்புதான் முதல் சான்று. டச்சு ஓவியர் வான்கோவின் ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை வைத்தே பார்ப்போம்.

படி 1: படைப்பின் பதிவை எடுங்கள்

இந்த ஓவியம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஓவியர், தலைப்பு, காலம் (ஜூன் 1889), ஊடகம் (கான்வாஸில் எண்ணெய் வண்ணம்), அளவு (73.7 × 92.1 செ.மீ.), பதிவு எண் (472.1941) எல்லாம் கிடைக்கும். அத்தனையையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

அருங்காட்சியகம் ஒவ்வொரு படைப்புக்கும் தரும் இந்தப் பதிவு எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வான்கோ சூரியகாந்திகளைப் பலமுறை வரைந்திருக்கிறார்; எந்த ஓவியத்தைச் சொல்கிறீர்கள் என்பதை எண்தான் உறுதியாகக் காட்டும். அச்சுப் படைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ மரச்செதுக்கு அச்சு பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வண்ணமும் கோடுகளின் கூர்மையும் பிரதிக்குப் பிரதி மாறும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஜேபி1847 என்ற பிரதியைப் பார்த்து எழுதினால், அந்த எண்ணையே குறியுங்கள்.

படி 2: கலைஞர் என்ன சொன்னார்?

கடிதம், நாட்குறிப்பு, நேர்காணல் ஆகியவை முதன்மைச் சான்றுகள். வான்கோ எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 902 கடிதங்கள் 2009 முதல் ஓர் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. 1889 ஜூன் நடுவில் தம்பி தியோவுக்கு எழுதியதில், விண்மீன் வானத்தைப் புதிதாக வரைந்திருப்பதாகச் சொல்கிறார். அதே ஆண்டு நவம்பரில் நண்பர் பெர்னாருக்கு எழுதும்போதோ, விண்மீன்களை மறுபடியும் மிகப் பெரிதாக வரைந்துவிட்டதாகவும் அது ஒரு பின்னடைவு என்றும் சொல்கிறார்! உலகமே கொண்டாடும் ஓவியத்தை வரைந்தவர் ஏன் அப்படி நினைத்தார்? நல்ல ஆய்வுக் கேள்விகள் இப்படித்தான் கிடைக்கின்றன. அந்தத் தளத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் உண்டு. மேற்கோள் காட்டும்போது கடித எண், யாருக்கு எழுதியது, தேதி மூன்றையும் கொடுங்கள்.

படி 3: அறிஞர்களின் எழுத்து

இப்போது ஆய்வு நூல்களுக்கு வரலாம். ஒரு கலைஞரின் எல்லாப் படைப்புகளையும் ஆராய்ந்து தொகுக்கும் பெரும் பட்டியலுக்குக் கேட்டலாக் ரெசோனே என்று பெயர். ஓவியம் யார் யார் கைமாறியது, எங்கெல்லாம் காட்சிக்கு வைக்கப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். கண்காட்சி நூல்களையும் தவறவிடாதீர்கள். பழைய நூல்களுக்குக் கெட்டி ஆய்வுத் தளம், ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற இணையத் தொகுப்பு. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் அடிக்குறிப்புகளைப் பின்தொடருங்கள். தேடுபொறி காட்டாத பலவும் அங்கே கிடைக்கும். விக்கிப்பீடியாவையும் வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம், அதையே சான்றாகக் காட்ட வேண்டாம்.

படி 4: குறிப்பது

சான்றுகளைக் குறிக்கும் முறைகளில் ஒன்றான சிகாகோ முறையில் படைப்புக்கான அடிக்குறிப்பு ஏறக்குறைய இப்படி வரும்:

வின்சென்ட் வான்கோ, விண்மீன் இரவு, 1889, கான்வாஸில் எண்ணெய் வண்ணம், 73.7 × 92.1 செ.மீ., நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க், 472.1941.

எம்.எல்.ஏ. என்ற இன்னொரு முறையில் வரிசையும் நிறுத்தக்குறிகளும் மாறும். எந்த முறை வேண்டும் என்று உங்கள் துறையிலோ இதழிலோ முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் விவரங்களைச் சேமித்தால் முறையை மாற்றுவது எளிது. ஒரு புத்தகத்தில் அச்சான படத்தை மட்டும் பார்த்து எழுதினால், படைப்பின் விவரத்தோடு அந்தப் புத்தகத்தையும் பக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள். அச்சில் நிறம் மாறியிருக்கலாம். நிறத்தைப் பற்றி எழுதும் கட்டுரையில் இது பெரிய விஷயம்.

அப்புறம், மேற்கோள் வேறு, படத்தை வெளியிடும் அனுமதி வேறு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன்னிடமுள்ள, காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தத் தருகிறது. இன்று வாழும் ஓவியரின் படைப்பை அச்சிட வேண்டுமென்றால், பெரும்பாலும் உரிமையாளரிடம் எழுதிக் கேட்டாக வேண்டும். பதில் வர நாளாகும் என்பதால், கட்டுரையை எழுதத் தொடங்கும்போதே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.