எலக்ட்ரிக் கார் புக் பண்றதுக்கு முன்னாடி உங்க பார்க்கிங்ல போய் நின்னு பாருங்க

சென்னையில எலக்ட்ரிக் கார் வாங்கப் போறேன்னு யாராவது சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி எந்த மாடல்னு இல்ல, உங்க மீட்டர் பாக்ஸ்ல இருந்து கார் நிக்கிற இடம் எத்தனை அடின்னுதான். முக்கால்வாசி பேருக்கு பதில் தெரியாது. டெஸ்ட் டிரைவ் போய் பிக்கப் பார்த்து மயங்கி புக்கிங் போட்டுடறாங்க, கார் வீட்டுக்கு வந்து நின்ன அப்புறம்தான் சார்ஜ் எங்க போடறதுன்னு தேடுறாங்க. நானும் அப்படித்தான் மாட்டினேன்.

எங்களோடது இருபது வருஷத்துக்கு முந்தின கட்டடம். கார் வந்த அன்னிக்கு ராத்திரி பார்க்கிங்ல இருந்த 15 ஆம்ப் பிளக்குல சார்ஜரை சொருகினா பச்சை வரல, சிவப்பு லைட் மினுக் மினுக்னுது. ஷோரூமுக்கு போன் போட்டா உங்க வீட்டு லைன் ப்ராப்ளம் சார்னு வச்சிட்டாங்க. மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சு பார்த்தாரு, 2, 3 வோல்ட்டுக்குள்ள இருக்க வேண்டியது 20க்கு மேல காட்டுச்சு, எர்த் சரியில்லன்னா சார்ஜர் கரண்ட்டே எடுக்காதாம். காம்பவுண்ட் ஓரத்துல இருந்த எர்த் குழியைத் தோண்டினா கம்பி துருப்பிடிச்சு கையோட வந்துருச்சு. அந்தக் கட்டடத்துல இருந்த எல்லா வீட்டு பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அத்தனை வருஷமா அந்த எர்த்தை நம்பித்தான் ஓடியிருக்கு, நினைச்சாலே பகீர்னு இருக்கு. புது குழி எடுத்து லைன் இழுக்கிற வரைக்கும் 12 நாள் நான் வெளிய போய்தான் சார்ஜ் போட்டேன். அதனால கார் வாங்குறதுக்கு முன்னாடியே எர்த்திங்கை செக் பண்ணிடுங்க, ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலைதான்.

இதைவிட ஆபத்தான தப்பு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எங்க பக்கத்து பிளாக் சார் ஒருத்தர் ஜன்னல் வழியா ஒயர் விட்டு நாலு பிளக் வைக்கிற சாதா பாக்ஸ்ல சார்ஜ் போட்டுட்டு இருந்தாரு. மிக்ஸி அஞ்சு நிமிஷம் ஓடும், அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு ஓடும், கார் அப்படி இல்ல, அஞ்சாறு மணி நேரம் நிக்காம முழு கரண்ட்டை இழுக்கும். ஒரு நாள் காலைல பிளாஸ்டிக் கருகின வாசனை, போய் பார்த்தா பிளக் முள்ளைச் சுத்தி சாக்கெட் பழுப்பா உருகி ஓட்டையே பெருசாயிருந்துச்சு. நல்லவேளை அதோட போச்சு. 15 ஆம்ப் பாயின்ட்டா இருந்தாலும் உங்க மீட்டர்ல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், லோடு மீறினா கரண்ட்டை நிறுத்துற தனி எம்சிபி ஸ்விட்ச், கரண்ட் கசிஞ்சா நிறுத்துற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, நல்ல இண்டஸ்ட்ரியல் சாக்கெட், இவ்வளவும் வேணும். சுவத்துல மாட்டுற 7.2 கிலோவாட் சார்ஜர்னா குறைஞ்சது 6 ஸ்கொயர், தூரம் ஜாஸ்தின்னா 10. பத்து லட்சத்துக்கு மேல கார் வாங்கிட்டு ஒயர்ல மிச்சம் பிடிக்காதீங்க.

அந்த 7.2 சார்ஜர் எல்லாருக்கும் வேணுமான்னா என்னைக் கேட்டா தேவையில்லை. ஒரு நாளைக்கு சிட்டிக்குள்ள 40 கிலோமீட்டர் ஓட்டுறீங்கன்னு வைங்க, ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிடைச்சா ஆறு யூனிட் போதும், அதை 15 ஆம்ப் பிளக்கே ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல ஏத்திடும், நீங்க தூங்கி எழறதுக்குள்ள முடிஞ்சிடும். 7.2 போட்டா ஈபில லோடு ஏத்தணும், சிங்கிள் பேஸ் வீடுன்னா பெரும்பாலும் த்ரீ பேஸ் மாத்தச் சொல்வாங்க, அதுக்கு பணமும் அலைச்சலும் தனி. தினமும் 100 கிலோமீட்டர் ஓடுறவங்களுக்கு அது சரி.

ஈபி பில்லை யாருமே சரியா கணக்குப் போடறதில்லை. மாசம் 1000 கிலோமீட்டர் ஓடினா சார்ஜ் ஆகும்போது வீணாகுறதையும் சேர்த்து 160 யூனிட் பக்கம் வரும், ரெண்டு மாச பில்லுல 320 யூனிட் கூடுது. நம்ம ஊர் ஸ்லாப்ல 500 தாண்டின உடனே கீழ் ஸ்லாப்ல இருந்த சலுகையும் போயிடும், 1000 தாண்டினா யூனிட் 11 ரூபாய்க்கு மேல. ஏசி ரெண்டு ஓடுற வீட்ல கார் குடிக்கிற யூனிட் எல்லாம் மேல் ஸ்லாப்லதான் விழும், முதல் 100 யூனிட் இலவசம்ங்கிற கணக்கை இதுல கொண்டு வராதீங்க.

அசோசியேஷன் விஷயத்துல பொது மீட்டர்ல இருந்து கரண்ட் எடுக்கறேன், மாசம் இவ்வளவு தரேன்னு பேசாதீங்க, மூணாவது மாசமே சண்டை வரும். உங்க மீட்டர், உங்க லைன், உங்க பார்க்கிங், எழுத்துல ஒரு லெட்டர், அவ்வளவுதான். மத்திய மின் அமைச்சகம் 2024ல கொண்டு வந்த வழிகாட்டுதல்லயே இப்ப இருக்கிற வீட்டு கனெக்ஷன்ல இருந்து சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம்னு இருக்கு, அதை பிரிண்ட் எடுத்து மீட்டிங்குக்கு கொண்டு போங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுடுங்க.

காரை தேர்ந்தெடுக்கும்போது பிரவுச்சர்ல இருக்கிற ரேஞ்சை நம்பி வாங்காதீங்க. அது டெஸ்ட்ல வர்ற நம்பர், ஏசி போட்டு மே மாச வெயில்ல ஓஎம்ஆர் டிராபிக்ல வர்ற நம்பர் இல்ல. டாடா நெக்ஸான்ல 45 யூனிட் (kWh) பேட்டரி வண்டிக்கு டெஸ்ட் ரேஞ்ச் 489, டாடாவே நிஜ ரோட்டுக்குன்னு தனியா சொல்றது அதைவிட 100 கிலோமீட்டருக்கு மேல குறைவு. அதே மாதிரி வருஷத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலி போறதுக்காக பெரிய பேட்டரிக்கு மூணு லட்சம் கூட கொடுக்கிறதும் எனக்கு சரியா படல, வழில ஹைவே சார்ஜர் இருக்கு. ஆனா பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் க்யூ நிக்கும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

பணத்துக்கு வருவோம். லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் வருமான வரி கழிவு உண்டுன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, அந்த 80 இஇபி பிரிவு சலுகை 31 மார்ச் 2023க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்குத்தான், புது லோனுக்கு கிடையாது. சொந்த உபயோக காருக்கு மத்திய அரசு மானியமும் இல்ல. ஜிஎஸ்டி எலக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம்தான், ஆனா 2025 செப்டம்பர்ல சின்ன பெட்ரோல் காருக்கும் 18 ஆ குறைச்சிட்டாங்க, பழைய விலை வித்தியாசக் கணக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க.

கணக்கு இப்படி போடுங்க. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் பக்கம்னு வச்சா, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தர்ற காருக்கு கிலோமீட்டர் 6.70 ஆகுது, உச்ச ஸ்லாப் தொடாத வீட்ல சார்ஜ் போட்டா 1.20, வெளில யூனிட் 22 ரூபாய்க்கு போட்டா 3.40. எலக்ட்ரிக் கார் 4 லட்சம் ஜாஸ்தின்னா வீட்டு சார்ஜ்ல 73,000 கிலோமீட்டர் ஓடினா அந்தப் பணம் திரும்பி வரும், முழுக்க வெளி சார்ஜ்னா 1,20,000 தாண்டணும். வீட்ல சார்ஜ் போட இடமே இல்லாதவங்களும் மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டுறவங்களும் காசு மிச்சம்னு நினைச்சு வாங்காதீங்க.

பேட்டரியை வாடகைக்கு எடுக்குற திட்டத்துல விலை கம்மியா தெரியும், 2024ல எம்ஜி வின்ட்சர் கார் வந்தப்போ கிலோமீட்டருக்கு 3.50ன்னு சொன்னாங்க. அதுல மினிமம் கிலோமீட்டர் இருக்கான்னு பாருங்க. உதாரணத்துக்கு மாசம் 1500னு வச்சிருந்தா 5,250 கட்டியே ஆகணும், நீங்க 600 தான் ஓட்டினா கிலோமீட்டர் 8.75 ஆயிடுது, கரண்ட் காசு வேற. பெட்ரோலே தேவலாம்.

எலக்ட்ரிக் கார் பேட்டரில எல்எஃப்பி, என்எம்சின்னு ரெண்டு முக்கிய வகை இருக்கு, எதுன்னு ஷோரூம்ல கேளுங்க. எல்எஃப்பி பேட்டரின்னா வாரத்துக்கு ஒரு தடவை 100 வரை ஏத்துங்க, இல்லன்னா மீதி எவ்வளவுன்னு வண்டி காட்டுற சதவீதம் தப்பா போகும். என்எம்சின்னா தினசரிக்கு 80 போதும். ஃபாஸ்ட் சார்ஜர்ல 80க்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும், பின்னாடி ஆள் நிக்கும்போது 100 வரை உக்காந்திருக்காதீங்க.

கடைசியா மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி பக்கம் பார்க்கிங் எல்லாம் முங்கினதை பார்த்திருப்பீங்க. பேட்டரிக்கு ஐபி67னு தண்ணி தாங்குற அளவு போட்டிருப்பாங்க, அது ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரத்துக்கான டெஸ்ட், ரெண்டு நாள் வெள்ளத்துல ஊறுறதுக்கு இல்ல. சார்ஜர் பாக்ஸையும் எம்சிபியையும் தண்ணி எட்டாத உயரத்துல மாட்டச் சொல்லுங்க, இன்சூரன்ஸ்ல பேட்டரிக்கு தண்ணி புகுந்தா கவர் ஆகுமான்னு பாலிசில படிச்சுப் பாருங்க, ரெட் அலர்ட்னு நியூஸ் வந்த அன்னிக்கே ஃபுல் சார்ஜ் போட்டு எம்சிபியை இறக்கிட்டு வண்டியை மேட்டுக்கு ஏத்திடுங்க.