வன்னிப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்புவோர் அறிய வேண்டியவை

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூல்களையும் சீருடைத் துணியையும் அரசே வழங்குகிறது. ஆகவே வடக்கே வன்னிப் பகுதியில், முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு மாணவிக்கு உதவ முன்வருவோர், பள்ளிக் கட்டணம் கட்டப் போவதாக எண்ணித் தொடங்க வேண்டாம். 2009 மே மாதம் முடிந்த போரில் கணவனை இழந்தோ, கணவன் காணாமலாக்கப்பட்டோ தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களின் வீடுகளில், பஸ் செலவும், கணித விஞ்ஞானப் பாடங்களுக்கான தனியார் வகுப்புக் கட்டணமும், வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன் தவணையுமே பிள்ளையின் படிப்பைக் குலைக்கின்றன.

யாருக்கு உதவுவது என்பதைப் பாடசாலை அதிபரிடமும் கிராம அலுவலரிடமும் விசாரியுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் தவறாமல் கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அந்தப் பெண்களுக்கே தெரியும்.

உதவியைச் சாதாரண தரத்தோடு (11ஆம் வகுப்புப் பொதுப் பரீட்சையோடு) நிறுத்திவிடாதீர்கள். விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை தொலைவில் இருந்தால் உயர்தரத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய 12, 13ஆம் வகுப்புகளுக்கு, விடுதிச் செலவு வேண்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். மாவட்டவாரியான பல்கலைக்கழக ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கக்கூடிய மாணவிகூட அந்த இடைவெளியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவதுண்டு. நான்கு ஆண்டுகள் தொடர முடியாதெனில் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், காலத்தைக் குறைக்காதீர்கள்.

பணத்தைத் தாயின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் அனுப்பி, பாடசாலைத் தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையை மட்டும் கேளுங்கள். மேடையில் ஏற்றிப் புத்தகப்பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் இடுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில் அதே தோழிகளுக்கு நடுவில்தான் உட்கார வேண்டும்.

தாயின் சட்ட உரிமைக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். பிள்ளையின் படிப்பு அவருடைய காணியிலும் கொடுப்பனவிலும் தங்கியிருக்கிறது. கணவர் காணாமற்போனவர் என்று பதிவு செய்து சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. மரணச் சான்றிதழ் இல்லாமலே நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்க அது உதவும். ஆயினும் உண்மை தெரியும்வரை எந்தச் சான்றிதழும் வேண்டாம் என்று உறுதியாக நிற்கும் தாய்மார் பலர். அதை எடுப்பதா விடுவதா என்று அவரே தீர்மானிக்கட்டும். சட்டத்தரணியின் கட்டணத்தையும், சிங்களக் கடிதங்களுக்கான மொழிபெயர்ப்புச் செலவையும், மாவட்டச் செயலகத்துக்குப் போய்வரும் பஸ் காசையும் நீங்கள் கொடுங்கள்.