அம்மாவுக்கு வாட்ஸ்அப் எழுதுவது எப்படி

தஞ்சாவூர் பாபநாசத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா எடுக்கவும் கரண்ட் பில் கட்டவும் வருகிற பெரியவர்கள், வேலை முடிந்ததும் போனை நீட்டுவார்கள். "தம்பி, புள்ள என்னமோ அனுப்பிருக்கான், படிச்சு சொல்லேன்." வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன தை மாசம் ஒரு அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஏழு மாசக் கர்ப்பிணி மகள், பொங்கலுக்காக மாப்பிள்ளையோடு திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அதை "வலியில இருக்கேன்" என்று படித்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை நம்பர் எழுதிய சீட்டு சுருக்குப் பையில் இருக்கிறது, ஆனால் கை நடுக்கத்தில் கயிற்றை இழுக்க அந்த அம்மாவால் முடியவில்லை. நான்தான் பிரித்தேன். கூப்பிட்டதும் மாப்பிள்ளை சாவகாசமாகச் சொன்னார்: "அய்யம்பேட்டை தாண்டிட்டோம் சார்." அவள் எழுதியது "வழியில இருக்கேன்".

அதனால் முதல் வேலை, தமிழைத் தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள். இங்கிலீஷ் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடலாம். கூகுள் கீபோர்டான ஜிபோர்டில் பல்சக்கரக் குறியைத் தொட்டு, மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்க்கும்போது ஏபிசி என்று போட்டிருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் இங்கிலீஷில் அடித்தாலும் திரையில் தமிழ் வரும். ல, ழ சரியாக விழுந்திருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். அடிக்கச் சோம்பலாக இருந்தால் மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும்.

அடுத்தது, ஓகேயைச் சுருக்கி அனுப்புகிற அந்த "கே". குறுவைக்கு நாற்று விட்டுவிட்டு, உரத்துக்குப் பணம் வேணும் என்று மகனுக்கு அனுப்பியிருந்தார் ஒருவர். பதிலாக ஒற்றை எழுத்து வந்தது. அதை என்னிடம் காட்டி, "கோவமா இருக்கானா தம்பி?" என்று கேட்டார். மகன் சரி என்றுதான் சொல்லியிருக்கிறான், அதை நானும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சரின்னா சரின்னு சொல்லிருப்பானே." ரெண்டு நாள் கழித்துப் பணம் வந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை. "சரிப்பா, நாளைக்குப் போடுறேன்" என்று எழுத எவ்வளவு நேரமாகிவிடும்? அதில் "ப்பா" ரொம்ப முக்கியம்.

எஸ்எம்எஸ் காலத்தில் சுருக்கியதற்குக் காரணம் இருந்தது. ஒரு செய்திக்கு இங்கிலீஷில் 160 எழுத்துதான். தமிழில் 70 இடம், அதிலும் "கொ" ஒன்றே ரெண்டு இடத்தைப் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அந்த நெருக்கடி இல்லை.

பெரியவர்களுக்குச் சுருக்கமே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். என் தாத்தாவின் கணக்கு நோட்டில் வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்றுதான் இருக்கும். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. பத்திரத்தில் "த/பெ" என்று பார்த்தால் தகப்பனார் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் பொதுவாக இருந்த சுருக்கங்கள் அவை. நண்பர்களோடு நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பேசுகிறேன் என்பதற்கு அப்பாவிடம் "டிடிஒய்எல்" என்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

விரல் வலிக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. ஜிபோர்டு அமைப்பில் அகராதி, அதற்குள் தனிப்பட்ட அகராதி, அதில் தமிழ். கூட்டல் குறியைத் தொட்டு "வேலையில இருக்கேம்மா, ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று முழுசாக எழுதி, குறுக்குவழியாக "வேஇ" என்று கொடுங்கள். பிறகு "வேஇ" அடித்தால் கீபோர்டுக்கு மேலே முழு வரியும் வரும், தொட்டு அனுப்பிவிடலாம். ஊருக்கு வரும்போது அவர்கள் போனில் எழுத்தையும் பெரிசாக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

சாவுச் செய்திக்கு மட்டும் "ஆர்ஐபி" வேண்டவே வேண்டாம். நம் பக்கம் துக்கம் விசாரிக்க நேரில் போவதுதான் வழக்கம். வர முடியாவிட்டால் போன் போடுங்கள். அதற்கும் வழியில்லாமல் எழுதத்தான் வேண்டும் என்றால், இறந்தவரை நீங்கள் கூப்பிட்ட முறை சொல்லி எழுதுங்கள். "பெரியப்பா சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சு வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போனது கண்ணுலயே நிக்குது பெரியம்மா. பதினாறுக்குக் கட்டாயம் வர்றேன்." இப்படி ஒன்றை நான் படித்துக் காட்டியபோது அந்தப் பெரியம்மா அழுதார்கள். அழுது முடித்து, அதை அழிந்துபோகாமல் வைக்கச் சொன்னார்கள். நட்சத்திரக் குறி போட்டு வைத்துக் கொடுத்தேன்.

இன்னொன்று. "சாப்டியா" என்று அம்மா கேட்டால், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். "வத்தக்குழம்பு வச்சேம்மா, உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு." அந்த மாதிரி வரியைத்தான் என்னை ரெண்டாம் தடவையும் படிக்கச் சொல்கிறார்கள்.