ஷிப்டு முடிந்த பிறகு இரண்டு மணி நேரம்: கல்லூரிக்குள்ளேயே வேலை பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் மாணவர், வீட்டுச் செலவுக்குத் தாமும் ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கும்போது, அவர் கண்ணில் முதலில் படுபவை கல்லூரிக்கு வெளியே இருக்கும் வேலைகள்தாம். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலை, எம்.சி. ரோடு துணிக்கடைகளில் தீபாவளி நேரத்து வேலை, விடியற்காலையில் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலை, இருசக்கர வண்டி இருந்தால் உணவு டெலிவரி என்று தெருவில் உள்ள அண்ணன்மார் சொல்லும் வழிகள் பெரும்பாலும் அன்றன்றே கையில் காசு தருபவை. அதனாலேயே மனம் அவற்றின் பக்கம் போகும். நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஓராண்டுக்கு மேல் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன்தான் நானும். இரவு பதினொன்றரை மணிக்கு மண்டபத்தில் பாத்திரம் ஒதுக்கிவிட்டு, மறுநாள் காலை எட்டரை மணி வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிப்போனவனும் நானே. அதற்குப் பிறகு கல்லூரி நூலகத்தில் கிடைத்த வேலையில் சம்பளம் குறைவாக இருந்தது. ஆனால் அந்த வேலைக்குப் போக பஸ் ஏற வேண்டியதில்லை, மாடிப்படி ஏறினால் போதும். ஆகவே எந்த வேலையாக இருந்தாலும் கூலியைக் கணக்கிடும் முன் அதற்குச் செலவாகும் நேரத்தைக் கணக்கிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கணக்குக்கு நம் பகுதியில் ஒரு வசதி உண்டு. சென்னையின் பல கலை அறிவியல் கல்லூரிகள் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டுகளாக நடக்கின்றன. காலை ஷிப்டு மாணவருக்கு மதியம் ஒன்று, ஒன்றரை மணிக்கு வகுப்பு முடிந்துவிடும், மதிய ஷிப்டு மாணவருக்கு முற்பகல் காலியாக இருக்கும். ஒரு தாளில் ஒரு வாரத்துக்கான நேரத்தைக் கட்டம் கட்டி எழுதுங்கள். வகுப்பு, பயணம், வீட்டில் தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது ஆகிய எதையும் விடாமல் குறித்த பிறகு எஞ்சும் மணி நேரங்களே உங்கள் கைவசம் உள்ள முதல். பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வருபவர்கள் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்குக் கொருக்குப்பேட்டை நடைமேடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட 2021ஆம் ஆண்டுக்குப் பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டை மாணவர்களுக்குப் பயணம் எளிதாகியிருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்த நிம்மதி இன்னும் வரவில்லை. கைவசம் பதினைந்து மணி நேரம் எஞ்சினால் பத்தை மட்டுமே வேலைக்குக் கொடுங்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரம், அதாவது நாளுக்கு இரண்டு மணி என்பதுதான் படிப்பைத் தொடாத அளவு என்பது என் கருத்து. பன்னிரண்டைத் தாண்டியவர்களில் அரியர் வைக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இத்தகைய வேலைகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்று காத்திருக்க வேண்டாம். சில கல்லூரிகளில் படிக்கும்போதே சம்பாதிக்கும் திட்டம் என்ற பெயரில் முறையான ஏற்பாடு இருக்கும். பல கல்லூரிகளில் அப்படி எதுவும் இருக்காது, நூலகரோ ஆய்வகப் பொறுப்பாளரோ ஆள் தேவை என்று முதல்வரிடம் கேட்டு அனுமதி வாங்கினால்தான் உண்டு. கேட்பதற்கேற்ற காலம் இரண்டு. மாணவர் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கவும் கணினியில் பதியவும் கை தேவைப்படும். கல்வியாண்டு முடிவில் நூலகத்தில் ஸ்டாக் எடுக்கும்போது எத்தனை பேர் வந்தாலும் போதாது. தேர்வுப் பிரிவில் வேலை தருவதாக யாரேனும் சொன்னால் மட்டும் மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள். ஒரு வினாத்தாளோ விடைத்தாளோ காணாமற்போனால் முதலில் விசாரிக்கப்படுபவர் அங்கே உட்கார்ந்திருந்த மாணவராகத்தான் இருப்பார்.

விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நாம் பள்ளியில் எழுதிப் பழகிய அதே அமைப்பில் முதல்வருக்கு எழுதி, ‘துறைத் தலைவர் வழியாக’ என்று குறிப்பிட்டு, துறைத் தலைவரின் கையொப்பத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான மாணவர்கள் முதல் பத்தியிலேயே குடும்பக் கஷ்டத்தை எழுதிவிடுகிறார்கள். அந்தக் கஷ்டம் உண்மையாகவே இருந்தாலும், படிப்பவருக்குத் தேவைப்படும் செய்தி வேறு: நீங்கள் எந்த ஷிப்டு, எந்தெந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்யத் தெரியுமா என்பவையே அவை. கால அட்டவணையின் நகலை உடன் வையுங்கள். குடும்ப நிலையைக் கடைசிப் பத்தியில் இரண்டு வரிகளில் சொன்னால் போதும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து நேரில் போய்க் கேட்க வேண்டும், அப்போது நூலக உதவியாளரிடம், “அண்ணா, சார் எந்த நேரத்துல ஓய்வா இருப்பாரு?” என்று விசாரித்துக்கொண்டு உள்ளே போவது, வேலை கிடைப்பதற்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது நூலக வேலை என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். முதல் வாரம் உங்களுக்குக் கிடைப்பது ஒரு காய்ந்த துணியும் ஓர் அடுக்கும்தான். தூசி தட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் துணியைப் புத்தகத்தின் பக்கம் கொண்டு போகவே கூடாது. அடுத்த வாரம் மேசைகளில் கிடக்கும் நூல்களை அடுக்கில் திருப்பி வைக்கச் சொல்வார்கள். பார்வைக்குச் சுலபமாகத் தோன்றும் இந்த வேலையில்தான் புதியவர்கள் எல்லாரும் தவறு செய்கிறார்கள். பெரும்பாலான கல்லூரி நூலகங்கள் பின்பற்றும் டியூயி தசமப் பகுப்பு முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு: பொருளியல் 330, கணிதம் 510, கணக்குப்பதிவியல் 657, தமிழ் இலக்கியம் 894.811. நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் 330.15 என்று இருந்தால் அது 330.9 என்ற நூலுக்கு முன்னால் நிற்க வேண்டும். பதினைந்து ஒன்பதைவிடப் பெரியது என்று எண்ணி நம் கை பின்னால் வைக்கப் போகும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பதினைந்து இல்லை, ஒன்று, பிறகு ஐந்து. புள்ளிக்கு அப்பால் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும் என்ற இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை கற்றுவிட்டதாகப் பொருள். எண் ஒன்றாக இருந்தால் அடியில் உள்ள ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். தலைப்பெழுத்தோடு எழுதும் நம் பெயர்களில் எந்தப் பகுதியை முதலில் கொள்வது என்பதில் நூலகத்துக்கு நூலகம் வழக்கம் மாறும் என்பதால், சொந்தமாக முடிவு செய்யாமல் சீட்டில் என்ன இருக்கிறதோ அதன்படியே வையுங்கள்.

இந்த வேலையை அற்பமாக எண்ண வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். திருட்டுப்போன நூலைப் பதிவேட்டில் தேடித் தொலைந்ததாக எழுதிவிடலாம். தவறான அடுக்கில் வைத்த நூலோ இருப்பதாகவே கணக்கில் காட்டும், யார் கைக்கும் வராது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால், உங்களைப் போலவே ரயிலுக்கு ஓட வேண்டிய மாணவர் ஒருவர் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவார்.

மூன்றாவது மாதத்தில் நூல் வழங்கும் மேசையில் உட்கார வைப்பார்கள். அங்கே பார்கோடு வருடி, கோஹா போன்ற நூலக மென்பொருள், தேதிச் சீட்டு, தாமதக் கட்டணம் எல்லாம் கைக்கு வரும். நண்பன் என்பதற்காக ஒருவரது தாமதக் கட்டணத்தை நீக்கினால் மறுநாள் வகுப்பு முழுவதும் உங்கள் நண்பர்களாகிவிடும். ஆகவே முதல் ஆளுக்கே மறுத்துவிடுவது நல்லது. அக்டோபர் பிறப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு, யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே நூலகரிடம் நினைவூட்டலாம்: தரைத்தளத்தில் இருக்கும் நூலகமானால் கீழ்த்தட்டு நூல்களை மேலே ஏற்றிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது நம் பகுதியில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை முதலிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: மணிக்கா மாதத்துக்கா, எந்தத் தேதியில், ரொக்கமா வங்கிக் கணக்கா. எடுத்துக்காட்டாக மணிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு நாற்பது மணி நேரத்தில் 2,000 ரூபாய் வரும். இதைக் கொண்டு செமஸ்டர் கட்டணம் கட்டிவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். மதிப்பூதியக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி போய்விடும். எனக்கு முதல் மூன்று மாதச் சம்பளம் நான்காவது மாதம்தான் வந்தது. என் வருகைக் குறிப்பேட்டில் பொறுப்பாளரின் கையொப்பம் இல்லை என்பதுதான் காரணம், அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே சிறிய நோட்டு ஒன்றில் தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் கையொப்பம் வாங்குங்கள்.

வங்கிக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஆதாருடன் இணைந்த கணக்குக்கு வருகிறது. கல்லூரிச் சம்பளத்துக்காக வேறொரு வங்கியில் புதிய கணக்கு தொடங்கும்போது, அரசு மானியம் பெறுவதற்கான ஆதார் இணைப்புக்கும் சேர்த்துப் படிவத்தில் டிக் அடித்துவிட்டால், கடைசியாக இணைத்த கணக்குக்கே உதவித்தொகை போகத் தொடங்கும். பணம் நின்றுவிட்டது என்று பதறுபவர்களில் பலருக்கு அது இன்னொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். பழைய கணக்கு எண்ணையே சம்பளத்துக்கும் கொடுப்பது எளிய வழி.

வருகைப் பதிவை எந்த வேலைக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 75 சதவீதம் என்ற விதியைத் தொண்ணூறு நாள் கொண்ட பருவத்தில் வைத்துப் பார்த்தால் 22 நாள்களுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. காய்ச்சலுக்கும் திருவிழாவுக்கும் மழைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வகுப்பு நேரத்தில், “ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போப்பா” என்று நூலகத்திலிருந்து அழைப்பு வந்தால், “சார், இப்ப கிளாஸ் இருக்கு, முடிச்சுட்டு வந்துடுறேன்” என்று சொல்லுங்கள்; நல்ல நூலகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இன்டர்னல் தேர்வு வாரத்திலும் செமஸ்டருக்கு முந்தைய இரண்டு வாரங்களிலும் வேலைக்கு வர இயலாது என்பதைச் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை ஷிப்டு முடித்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் மதிய உணவைத் தள்ளிப்போடும் பழக்கத்தில் விழுகிறார்கள். டப்பா கொண்டுவர முடியாத நாளில் அம்மா உணவகத்தில் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் உண்டு. தீர்ந்துபோகும் முன் போக வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் வந்த அன்று பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவதை நான் தடுக்கப் போவதில்லை.

இந்த வேலையில் சம்பளத்தைவிடப் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒற்றை அறையில் ஐந்து பேர், தொலைக்காட்சி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று வாழும் மாணவருக்கு வீட்டில் படிப்பதற்கு ஒரு மூலைகூட இருக்காது. நூலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வேலை முடிந்த பின் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை கேட்காமலே கிடைக்கும். ஒரே பிரதி மட்டும் உள்ள பாடநூல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். ஆகவே இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வேலை என்றால், நான்கிலிருந்து நூலகம் மூடும் வரை படிப்பு என்று அந்த நேரத்தையும் அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். ஷிப்டு விட்ட நேரத்து நெரிசலும், பஸ் ரூட்டு வாரியாகப் பிரிந்து மாணவர்கள் போடும் ரூட்டுத் தகராறும் அடங்கிய பிறகு பஸ் ஏறுவது கூடுதல் லாபம். மாணவிகளின் வீட்டில் நேரமாவதைப் பற்றிக் கவலைப்பட்டால், வேலை நேரம் குறிப்பிட்டு நூலகர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுக்கலாம்.

இறுதியாண்டு முடியும்போது, பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான நோ டியூ கையொப்பத்துக்காக எல்லாரும் நூலகத்துக்கு வருவார்கள். அந்தக் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் அனுபவச் சான்றிதழைக் கேட்டுவிடுங்கள். நல்ல மாணவர், ஒழுக்கமானவர் என்று மட்டும் எழுதிய தாள் எந்த நேர்காணலிலும் உதவாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மென்பொருளில் என்ன வேலை என்று மூன்று வரிகள் இருக்க வேண்டும். உங்கள் நோட்டிலிருந்தே அவற்றை எடுத்துத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் நூலகர் கையொப்பம் இட்டுத் தருவார். சான்றிதழை வாங்கிய கையோடு, அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு வர விரும்பும் ஜூனியர் ஒருவரை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்து, 330.15ஐயும் 330.9ஐயும் அவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள்.