எள் விழுது இறுகினால் எண்ணெயைத் தொடாதீர்கள்: ஜப்பானிய எள் டிரெஸ்ஸிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் சமையலறையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேரும் இந்த வருஷம்தான் டோக்கியோ வந்தவர்கள். எங்களைப் போலவே நிஷி கசாயில் குடியிருக்கிறார்கள். "கடையில வாங்குற அந்த எள்ளு டிரெஸ்ஸிங்கை வீட்டுலயே செய்யக் கத்துக்கொடுங்கக்கா" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணமும் முட்டை அடிக்கும் கம்பியும் கொடுத்து, அளவை மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் நாலு கிண்ணத்திலும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அத்தனை தவறுகளும் வந்துவிட்டன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

உப்பு கூடிப்போவது, எள் கருகுவது போன்றவற்றைச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகச் சமைப்பவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நான் வைத்துக்கொள்ளும் அளவு. வெள்ளை எள் விழுது 3 மேசைக்கரண்டி, வறுத்து இடித்த வெள்ளை எள் 2 மேசைக்கரண்டி, மயோனைஸ் 3, அரிசி வினிகர் 2, சோயா சாஸ் ஒன்றரை, சர்க்கரை 1, கொதிக்கவைத்து ஆறிய மிரின் (இனிப்பான ஜப்பானிய அரிசி மது) 1, தண்ணீர் ஏறக்குறைய 2, வறுத்த எள்ளில் எடுத்த ஜப்பானிய எண்ணெய் 1 தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி. நாலு பேருக்கு இரண்டு வேளை சாலட்டுக்குத் தாராளமாக வரும்.

வறுத்த எள்ளை மறுபடி வறுக்காமல் விடுவது

ஜப்பானியக் கடைகளில் பை பையாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் இரிகோமா, அதாவது ஏற்கெனவே வறுத்த எள். 'வறுத்ததுதானே' என்று அப்படியே இடித்துப் போட்டால் டிரெஸ்ஸிங்கில் மணமே இருக்காது. வெறும் வாணலியில், சின்னத் தீயில், ஓரிரு நிமிஷம் சூடு காட்டினால் போதும். இரண்டு மூன்று எள் துள்ளித் தெறித்ததும் நிறுத்திவிட வேண்டும். எள்ளுப்பொடிக்கு வறுக்கும் பழக்கத்தில் எல்லாம் படபடவென்று பொரியும்வரை நிற்காதீர்கள். அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, உடனே அகலமான தட்டில் கொட்டுங்கள்; வாணலிச் சூட்டிலேயே அது மேலும் ஒரு சுற்று வறுபடும், கசப்பு அங்கேதான் ஏறும்.

சூடாகவே மிக்ஸியில் போடுவது

ஆறட்டும். சூட்டோடு ஓட்டினால் எண்ணெய் விட்டு பிளேடுக்கு அடியில் அப்பிக்கொள்ளும். விட்டு விட்டு மூன்று நாலு சுற்று, அவ்வளவுதான்.

சுரிபாச்சி இருந்தால் மிக்ஸியே வேண்டாம். உள்பக்கம் முழுக்கச் சீப்பால் கோடு இழுத்ததுபோல் வரிவரியாக இருக்கும் மண் சட்டி அது. மரக்குழவியால் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, எள் அந்த வரிகளில் சிக்கி உடையும். பாதி பொடியாக, பாதி ஒன்றிரண்டாக நிற்கும் அந்தப் பதத்தை மிக்ஸி தராது. ஜப்பானிய மொழியில் 'எள் அரைப்பது' என்றால் ஒருவருக்குக் காக்காய் பிடிப்பது என்று பொருள். அரைத்த எள் சட்டியின் எல்லாப் பக்கமும் போய் ஒட்டிக்கொள்வதால் அப்படிச் சொல்கிறார்கள் என்பார்கள். வேலை முடிந்ததும் அந்த வரிகளுக்குள் சிக்கியதை ஒரு சின்னத் தூரிகையால் தள்ளி எடுத்துவிடுங்கள். மணம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

விழுது இறுகியதும் எண்ணெய் ஊற்றுவது

இந்தத் தவறு எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு பாட்டில் எள் விழுதை நான் குப்பையில் கொட்டியதற்கு இதுதான் காரணம். ஜப்பானில் செலவாகும் எள்ளில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உள்நாட்டு விளைச்சலில் பெரும்பங்கு தெற்கே ககோஷிமா மாவட்டத்துக் கிகாய் தீவில். நெரிகோமா என்று விற்கும் அந்த வெள்ளை எள் விழுது, இந்த டிரெஸ்ஸிங்கில் போகும் மற்ற எல்லாப் பொருளையும்விட விலை கூடியது. அதைக் கொட்டும்போது வயிறு எரியும்.

நடப்பது இதுதான். பாட்டிலைத் திறந்தால் மேலே ஓர் அங்குலத்துக்கு எண்ணெய் தெளிந்து நிற்கும், அடியில் விழுது கெட்டியாக உறைந்திருக்கும். புதிதாக வாங்குபவர்கள் முதல் காரியமாக அந்த எண்ணெயை வடித்து ஊற்றிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது விழுதின் சொந்த எண்ணெய். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். எண்ணெய் என்ற சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்து பிறந்தது. அதை வடித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுக்கும் உதவாத களிமண். பாட்டிலை முந்தின நாளே தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் நீளமான கரண்டிக் காம்பால் அடிவரை குத்திக் கிளறினால் சேர்ந்துவிடும்.

சரி, கிளறி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாயிற்று. தேன்போல் வழிகிறது. அதில் ஒரு கரண்டி வினிகரோ சோயாவோ விட்டுக் கலக்குகிறோம். இளகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் இறுகும். பளபளப்பு போய்விடும், கிண்ணத்தின் ஓரத்தை விட்டு மொத்தமும் பிரிந்து வரும், கம்பிகளுக்கு நடுவில் கொழுக்கட்டை மாவு மாதிரி ஒரே உருண்டையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் என்னிடம் கிண்ணத்தை நீட்டி, "அக்கா, திரிஞ்சு போச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே அவளுடைய இன்னொரு கை எண்ணெய் பாட்டிலை எட்டியது. நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

அது திரியவில்லை, பாதி வழியில் நிற்கிறது. கடற்கரையில் காய்ந்த மணல் கைவிரல் வழியே ஓடும். கொஞ்சம் நனைந்தால் வீடு கட்டும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். அலை வந்து இன்னும் நனைத்தால் மறுபடி கரைந்து ஓடும். விழுதும் ஏறக்குறைய அப்படித்தான். எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும் எள் துகள்கள், முதலில் வரும் கொஞ்ச நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் நீர் சேரச் சேர நிலைமை தலைகீழாகிறது: அதுவரை எண்ணெய்க்குள் நீர் இருந்தது, இனி நீருக்குள் எண்ணெய் பொடிப்பொடித் துளியாகப் பிரிந்து நிற்கும். பால் அப்படி இருப்பதால்தானே வெள்ளையாகத் தெரிகிறது? விழுதும் அந்த நொடியில் வெளுக்கும். பழுப்பு நிறம் பாலேடு நிறமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடைச் சரக்கில் இருக்கும் அந்த மென்மை இங்கேதான் வருகிறது.

இந்த இடத்தில் எண்ணெய் ஊற்றினால்? இரண்டு நிமிஷத்துக்குச் சரியானதுபோலத் தெரியும், இளகும், பளபளக்கும். ஆனால் நீர் போதாத நிலைமை அப்படியே இருக்க, எண்ணெய் மட்டும் கூடியிருக்கிறது. முட்டைக்கோஸ் மேல் ஊற்றினால் இலை ஓரங்களில் எண்ணெய் வழியும், எள் திட்டுத்திட்டாகத் தங்கும். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் மேலே எண்ணெய்ப் படலம், அடியில் சுண்ணாம்புக் கட்டி. அதை இளக்க மறுபடி எண்ணெய் ஊற்றி, ருசி போய்விட்டதே என்று சோயா ஊற்றி, உப்பு கரிக்கிறதே என்று சர்க்கரை கொட்டி, கடைசியில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் கடைக்கு ஓடினேன். இரண்டு தடவை. 'கெட்டியானால் எண்ணெய் சேர்க்கவும்' என்று எழுதியிருக்கும் செய்முறையை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. யாரோ ஒரு பெண் அதை நம்பி ஒரு பாட்டிலைப் பாழாக்கப் போகிறாளே!

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் அப்போது எதிர்வீட்டில் இருந்த ஜப்பானியப் பாட்டி. என் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார், குழாயில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்தார், ஒரு கரண்டி விட்டார், கலக்கினார். இன்னும் மோசமானது. நான் முகத்தைப் பார்த்தேன். "மோ ஸுகோஷி" என்றார். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அடுத்த கரண்டி. அப்போதும் உருண்டைதான். "மோ ஸுகோஷி." மூன்றாவது கரண்டிக்கு ஓரத்தில் ஒரு வெளுப்பு தெரிந்தது, உருண்டை சரிந்தது. நாலாவதில் கம்பியைத் தூக்கினால் நாடா மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது.

வழி இதுதான். சர்க்கரையை முதலில் வினிகர், சோயா, மிரின் மூன்றிலும் சேர்த்துக் கரையுங்கள். எண்ணெய்ப் பசையான விழுதில் நேராகப் போட்டால் சர்க்கரை கரையாமல் நறநறக்கும். அந்தக் கரைசலை விழுதில் ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் முழுக்கக் கலந்த பிறகே அடுத்ததை விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை தண்ணீரில் நீந்தும், உடையாது. 3 மேசைக்கரண்டி விழுதுக்கு முதல் ஒன்றிரண்டு கரண்டியில் இறுகும், மூன்றைத் தாண்டும்போது இளகத் தொடங்கும். இறுகும்போது கை வலிக்கும்; நிறுத்தாதீர்கள். வெளுத்து வழிந்த பிறகு தண்ணீர் விட்டு உங்களுக்கு வேண்டிய பதத்துக்குக் கொண்டுவந்து, மயோனைஸ், இடித்த எள், கடைசியில் அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெய்.

நல்லெண்ணெயை ஊற்றுவது

நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைச் செக்கில் ஆட்டி எடுப்பது, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து. இட்லிப் பொடிக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. இங்கே வேண்டியது எள்ளை வறுத்துப் பிழிந்த, தேன் நிறத்து எண்ணெய். இரண்டுக்கும் மணம் வேறு. ஜப்பானியக் கடையிலும் நிறமே இல்லாத தைஹாகு என்ற வகை இருக்கிறது, அதுவும் வறுக்காத எள்தான். நிறத்தைப் பார்த்து எடுங்கள்.

சுஷி வினிகரை அரிசி வினிகர் என்று வாங்குவது

கொமேசு என்பதுதான் அரிசி வினிகர். சுஷிசுவில் உப்பும் சர்க்கரையும் ஏற்கெனவே இருக்கும்.

வெளுப்பான சோயா உப்பு குறைவு என்று நினைப்பது

நிறம் குறைந்த உசுகுச்சியில்தான் உப்பு அதிகம், 18 விழுக்காட்டுக்கு மேல். வழக்கமான கொய்குச்சியில் 16 போல. டிரெஸ்ஸிங் வெளுப்பாக வரட்டும் என்று உசுகுச்சியை எடுத்தவர் கிண்ணத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை காப்பாற்ற முடியவில்லை.

மிரினை அப்படியே விடுவது

ஹொன் மிரினில், அதாவது அசல் மிரினில், 14 விழுக்காடு அளவுக்கு ஆல்கஹால் உண்டு. இது அடுப்பில் ஏறாத பதார்த்தம், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். சின்னப் பாத்திரத்தில் ஒரு நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள். மூக்கில் ஏறும் நெடியும் போய்விடும்.

எந்த மயோனைஸ் ஆனாலும் சரி என்பது

ஜப்பானில் 1925இல் விற்பனைக்கு வந்த கியூப்பி மயோனைஸ் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் வைத்துச் செய்வது. இந்த டிரெஸ்ஸிங்கின் கொழுப்பும் பிடிப்பும் அந்த மஞ்சள் கருவில் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவரும் முட்டையில்லாத மயோனைஸில் இனிப்பு தூக்கும், பசைபோல் இழுக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் மயோனைஸைத் தேடி அலையவே வேண்டாம். இனிப்புச் சேர்க்காத சோயா பால் 4 மேசைக்கரண்டி எடுத்து, தண்ணீருக்கும் மயோனைஸுக்கும் பதிலாகக் கடைசியில் விடுங்கள். வினிகர் பட்டதும் சோயா பால் தானாகவே கெட்டிப்படும். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளிகளில் இதுதான். மயோனைஸ் போட்டதைவிட எள் மணம் இதில் தூக்கலாகத் தெரிகிறது என்பது என் கட்சி.

ஈர இலைமேல் ஊற்றுவது

கழுவிய இலையைத் துணியில் சுற்றி உதறுங்கள். சொட்டு ஈரமும் கூடாது.

பூண்டும் வெங்காயமும் அரைத்துப் போட்டு ஒரு வாரம் வைப்பது

வேண்டாம். பச்சையாகப் போட்டால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். அவை இல்லாமல் செய்ததைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் குளிர்பெட்டிக்குள் வைத்து நாலு நாளுக்குள் முடிப்பது என் வழக்கம். இரண்டாம் நாள் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், இடித்த எள் நீரை இழுத்துக்கொள்ளும். ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். மிஞ்சியதை ஆறிய உடோன் நூடுல்ஸ் மேலோ, டோஃபு மேலோ ஊற்றலாம். பன்றி இறைச்சி சாப்பிடுபவர்கள் ஷாபு ஷாபுவுக்கு (கொதிநீரில் முக்கி எடுக்கும் மெல்லிய இறைச்சித் துண்டுகள்) தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் சோயா சேர்த்தால் போதும்.

நெரிகோமா பாட்டில் காலியானதும் தூக்கிப் போடாதீர்கள். சுற்றிலும் ஒரு கரண்டி விழுதாவது ஒட்டியிருக்கும். அடுத்த தடவைக்கான வினிகரையும் சோயாவையும் அதிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, பலமாகக் குலுக்குங்கள். முதலில் சுவரில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். விடாமல் குலுக்கினால் கண்ணாடி தெளிந்து, அடியில் வெள்ளையாக எல்லாம் வந்து சேர்ந்திருக்கும்.