அரத்தைத் தொடாமல் ஸ்ட்ரைக்கர் பிஸ்டலின் டிரிகரைச் சீராக்குவது எப்படி?

ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பலரும், "டிரிகரை இழுத்தால் மணலில் இழுக்கிற மாதிரி கரகரவென்று இருக்கிறது" என்பார்கள். அடுத்த நாளே இலகுவான ஸ்பிரிங் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம். நான் பார்த்தவரை, அந்தக் கரகரப்பில் பெரும்பங்குக்கு அழுக்கும், எண்ணெய் போய்ச்சேராத ஒரு புள்ளியும், விரல் வைக்கும் விதமும்தான் காரணம். இந்த மூன்றையும் வரிசையாகச் சரிசெய்தாலே டிரிகர் வேறு ஆளாகிவிடும். அரம், உப்புத்தாள் எதுவும் தேவையில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹேமர் உள்ள பிஸ்டலில் சுத்தி போன்ற ஒரு பாகம் ஊசியின் தலையில் அடிக்கும். ஸ்ட்ரைக்கர் வகையில் அந்தச் சுத்தியே கிடையாது. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குள் ஸ்பிரிங்கோடு இருக்கும் ஊசி (இதுதான் ஸ்ட்ரைக்கர்) தானே பாய்ந்து, தோட்டாவின் அடியில் வெடியைப் பற்றவைக்கும் பிரைமரைத் தட்டும். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-ல், ஸ்லைடு போய்த் திரும்பும்போது அந்த ஸ்பிரிங் முழுதாக அழுந்துவதில்லை. மீதியை அழுத்தி முடிப்பது உங்கள் விரல். வால்தர் பிபிகியூ, சிக் சாவர் பி320 போன்றவற்றில் ஸ்லைடே முழு வேலையையும் முடித்துவிடும், விரல் ஊசியை விடுவித்தால் போதும். ஆகவே கிளாக்கின் டிரிகர் பி320-இன் டிரிகர் போல இல்லையே என்று வருந்த வேண்டாம், அதன் அமைப்பே வேறு.

படி 1: காலி செய்தல்

தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை முதலில் கழற்றுங்கள், பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் (சுடும் முன் தோட்டா உட்காரும் குழி) தள்ளிவிடும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் அனைத்தும் வேறு அறைக்குப் போகட்டும். கிளாக் போன்ற சில பிஸ்டல்களைக் கழற்றவே டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும் என்பதால், இந்தப் படியில் கவனம் சிதறவே கூடாது. நடுவில் தொலைபேசி ஒலித்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் முதலிலிருந்து மறுபடி பாருங்கள்.

படி 2: விரலால் படித்தல்

பாதுகாப்பான திசையில் நீட்டி, டிரிகரை மிக மெதுவாக அழுத்துங்கள். முதலில் எதிர்ப்பு குறைவாக விரல் உள்ளே போகும். அதுதான் முன்நகர்வு. பிறகு ஓர் இடத்தில் தடுத்து நிற்கும், அதைச் சுவர் என்பார்கள். சுவரைத் தாண்டும்போது சற்று இழுபட்டு நகர்ந்தால் அது கிரீப். பிறகு சட்டென்று விடுபடும். அதன் பின்னும் டிரிகர் பின்னால் போகும் தூரம் ஓவர்டிராவல். விரலைத் தளர்த்தும்போது 'டிக்' என்று மறுபடி பிடித்துக்கொள்வது ரீசெட். ஒவ்வொரு முறையும் ஸ்லைடைச் சற்று இழுத்துவிட்டு, பத்து முறை செய்யுங்கள். கரகரப்பு முன்நகர்விலா, சுவரிலா என்று ஒரு தாளில் எழுதுங்கள். முன்நகர்வில் இருந்தால் பெரும்பாலும் அழுக்கும் வறட்சியும்தான், அடுத்த படிகளில் தீர்ந்துவிடும்.

படி 3: எடை பார்த்தல்

டிரிகர் எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொக்கியை டிரிகரின் நடுவில் மாட்டி, நேர் பின்னால் சீராக இழுங்கள். நுனியில் மாட்டினால் நெம்புகோலின் கை நீண்டு அளவு குறைவாகக் காட்டும், எனவே எல்லா முறையும் ஒரே இடம்தான். பத்து அளவுகளின் சராசரியை எழுதுங்கள். கிளாக்கின் வழக்கமான டிரிகர் ஏறக்குறைய 2.5 கிலோ. ஒப்பிட, 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் சர்வதேச விதிப்படி குறைந்தபட்சம் 1000 கிராம் இருக்க வேண்டும், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 500 கிராம். அந்த எண்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவை சுடுதளத்தில் மட்டுமே கையாளப்படும் போட்டிக் கருவிகளுக்கானவை.

எடை ஒன்று, உணர்வு இன்னொன்று. சீராக நகரும் 2.5 கிலோ டிரிகர், தடங்கித் தடங்கி நகரும் 2 கிலோ டிரிகரைவிட விரலுக்கு இதமாக இருக்கும்.

படி 4: சுத்தமும் ஒரு சொட்டு எண்ணெயும்

முழுப் பதிவிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான். கையேட்டில் சொன்னபடி ஸ்லைடை மட்டும் கழற்றுங்கள். டிரிகரின் அசைவைப் பின்னுக்குக் கொண்டுபோகும் டிரிகர் பார், அது உரசி இறங்கும் சிறு தகடான கனெக்டர், ஸ்லைடின் அடிப்பகுதியில் பொத்தான் போல இருக்கும் ஊசிப் பாதுகாப்பு பிளஞ்சர் ஆகிய மூன்றிலும் படிந்த கரியைச் சிறு தூரிகையாலும் துணியாலும் துடைத்தெடுங்கள். டிரிகர் பார் மற்ற இரண்டின் மேலும் உரசுவதுதான் உங்கள் விரலுக்குச் சேதி சொல்கிறது.

பிறகு எண்ணெய். கிளாக்கில் மிக முக்கியமான புள்ளி, பிடியோடு சேர்ந்த அடிச்சட்டகத்தின் வலது பின்மூலையில் டிரிகர் பார் கனெக்டரைத் தொடும் இடம். அங்கே ஒரே ஒரு சொட்டு. அது வறண்டிருந்தால் புதுப் பிஸ்டலும் கரகரக்கும். ஆனால் ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாய்க்குள் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் கரியை இழுத்துச் சேறாக்கும், ஸ்ட்ரைக்கரின் வேகம் குறையும், பிரைமரில் அடி வலுவாக விழாது. 'நிறைய எண்ணெய் விட்டால் நன்றாக வழுக்கும்' என்ற எண்ணம் இங்கே செல்லாது.

படி 5: டிரை ஃபயர்

தோட்டா இல்லாமல் அழுத்திப் பழகுவது இரண்டு வேலை செய்கிறது. உரசும் உலோகப் பரப்புகள் தங்களைத் தாங்களே இழைத்துக்கொள்கின்றன, விரலும் பழகுகிறது. சேம்பரில் ஸ்நாப் கேப் என்னும் போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு 30, 40 அழுத்தல் போதும். சில வாரங்களில் சில நூறு ஆகிவிடும்.

விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி டிரிகரில் படட்டும். சுவர் வரை வந்து, அங்கிருந்து நேர் பின்னால் அழுத்தத்தை ஏற்றுங்கள். ஸ்லைடின் மேல் ஒரு காசை நிறுத்தி வைத்து, அது விழாமல் அழுத்திப் பாருங்கள். காசு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால், கோளாறு பெரும்பாலும் டிரிகரில் இல்லை, விரல் பக்கவாட்டில் தள்ளுகிறது.

படி 6: அதற்குப் பிறகும் மாற்ற வேண்டுமானால்

மறுபடி எடை பாருங்கள், பழைய தாளோடு ஒப்பிடுங்கள். அப்போதும் திருப்தி இல்லையென்றால், அந்த மாடலுக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் கனெக்டர் போன்ற பாகத்தை, தகுதியுள்ள துப்பாக்கித் தொழில்நுட்பரிடம் கொடுத்து மாற்றுங்கள். பாகம் மாற்ற உங்கள் உரிமம் அனுமதிக்கிறதா என்பதை அதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் விளிம்புகளைத் தேய்க்காதீர்கள். பல பாகங்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அது போய்விட்டால் அடியிலுள்ள மென்மையான உலோகம் நாளடைவில் தேய்ந்து, பிடி தளரும். நான் ஒரு காலத்தில் இலகுவான ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் போட்டேன். அறையில் டிரிகர் அருமையாக இருந்தது, தளத்தில் கடினமான பிரைமர் உள்ள தோட்டாக்கள் வெடிக்கவில்லை. அன்றே பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இழுவிசை மட்டுமல்ல, டிரிகர் என்னும் பாகத்தின் சொந்த எடை கூடப் பாதுகாப்பில் சேர்ந்தது. 2017 ஆகஸ்டில், பி320 சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாகச் சுடக்கூடும் என்று தெரியவந்தபோது, தயாரிப்பாளர் இலவசமாகச் செய்து கொடுத்த மாற்றங்களில் ஒன்று இன்னும் லேசான டிரிகர். விழுந்த அதிர்ச்சியில் கனமான டிரிகர் தன் எடையாலேயே பின்னால் நகரக்கூடும். அழகுக்காக வேறு டிரிகர் மாட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

படி 7: கடைசிச் சோதனை

பிஸ்டலை மறுபடி காலி என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்லைடைக் கழற்றுங்கள். ஸ்ட்ரைக்கரின் பின்புறக் காலைப் பின்னுக்கு இழுத்து, மெதுவாக முன்னே தள்ளிப் பாருங்கள். பிளஞ்சரை அழுத்தாதவரை ஊசிமுனை எட்டிப் பார்க்கக் கூடாது. ஸ்லைடை மாட்டி, கிளாக் போல டிரிகர் நடுவில் நாக்கு உள்ள பிஸ்டலாக இருந்தால், அந்த நாக்கைத் தொடாமல் ஓரத்தை மட்டும் அழுத்துங்கள். டிரிகர் பின்னால் போகக் கூடாது. அடுத்து டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஸ்ட்ரைக்கர் விடுபடாமல் இருக்க வேண்டும். விரலை மெல்லத் தளர்த்தினால் ரீசெட் ஆகி, மறுபடி அழுத்தும்போதுதான் விடுபட வேண்டும். ஒன்று தவறினாலும் தோட்டா போடாமல் தொழில்நுட்பரிடம் எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், தளத்தில் முதல் முறை மேகசினில் இரண்டே தோட்டாக்கள் போட்டுச் சுட்டுப் பாருங்கள்.